போன்சிங்கின் வலது கை

முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்ற அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடுப்பு வரை தொங்கிய முடி அது. தலபா கரையில் அப்படி ஒரு முடி வேறு யாருக்கும் கிடையாது. ஒரு நாள் காலையில் அதைக் கழுத்தோடு கத்தரித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள் போன்சிங். "என்ன ஆத்தே, வயசைக் குறைச்சுட்டியா?" என்று கேட்டேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அக்கா முறைக்கு ஆத்தே என்றுதான் கூப்பிடுவேன். "வெயில்" என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மழையில் நின்றுகொண்டு வெயில் என்கிறாளே, என்னை என்ன முட்டாள் என்று நினைத்தாளா என்று கோபத்தோடு உள்ளே போய்விட்டேன். கையைத் தூக்கி வாரிக்கொள்ள முடியாமல்தான் வெட்டினாள் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. மாகாண ஆஸ்பத்திரியில் கை கால் விழுந்தவர்களைப் பிடித்து நடக்கவைக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். வெட்கக்கேடு.

போன்சிங்குக்குத் தொழில் உடம்பு பிடித்துவிடுவது. வாழையிலைத் துண்டில் தேங்காய் எண்ணெய் தடவி, குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் மெல்ல இழுப்பாள். இலை வழுக்கிக்கொண்டே போகும். எங்கேயாவது ஓரிடத்தில் தயங்கும், ஒட்டும். "இங்கதான் குளிர் கட்டியிருக்கு" என்பாள். பிறகுதான் கட்டைவிரலை அங்கே வைப்பாள். வலை இழுக்கிறவர்கள், கொப்பரை உடைக்கிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், புருஷன் கப்பலுக்குப் போய்த் தனியாகக் கிடக்கிறவர்கள், எல்லாரும் அந்தப் பாயில் படுத்தவர்கள்தான். சிலர் அழுவார்கள். அழுத்தும்போது இல்லை, விரலை எடுத்த பிறகு. போன்சிங் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். முகத்துக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஊரில் அவள் கை படாத முதுகு கிடையாது. அவள் முதுகை யார் தொட்டார்கள்? புருஷன் எமெங் படகு கவிழ்ந்து செத்து ஐந்து வருடம். பிள்ளை குட்டி இல்லை. தெருப் பிள்ளைகள் ஆசிக்காக அவள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அதற்கும் இடது கையைத்தான் நீட்ட ஆரம்பித்திருந்தாள். பாயில் வேலை செய்யும்போது இடது கட்டைவிரல், இடது முழங்கை. வலது கை மடங்கி வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். வந்தவர்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. குப்புறப் படுத்திருப்பவன் எதைப் பார்ப்பான்?

எனக்கும் அவளுக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது, ஆகும் என்றும் சொல்ல முடியாது. சண்டை எப்போதும் ஒரே விஷயத்தில்தான். உடம்பு பிடித்துவிட்ட கை சூடாக இருக்கும், அதில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் நரம்பு புடைத்துக் கை நடுங்கும், கடைசியில் கையே உதவாமல் போகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதற்குப் பெயர் பாஸ்மா. இஸ்திரி போட்டவள் கை கழுவ மாட்டாள், துணி தைத்தவள் கழுவ மாட்டாள், போன்சிங் மறுநாள் காலை வரை கழுவ மாட்டாள், கரண்டியால் சாப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவியவள். எனக்கு என்ன ஆயிற்று? இதைச் சொன்னால், "உன் கையைப் பாரு, காய்ஞ்ச கருவாடு மாதிரி இருக்கு. அதுல யாருக்குக் குணமாகும்?" என்பாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இரண்டு வீடு, வீட்டுக்கு ஒரே ஆள். கதவைச் சாத்தினால் அன்றைய பேச்சு முடிந்தது.

செப்டம்பர் முதல் வாரத்தில் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் குழி கிடையாது. புறாக்கூண்டு போல வரிசை வரிசையாக சிமெண்டு மாடங்கள். ஒருவருக்கு ஐந்து வருடம். அதற்குப் பிறகு எலும்பை எடுத்துச் சிறு பெட்டியில் வைத்துவிட்டு மாடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். எமெங் இருந்த மாடம் மூன்றாம் வரிசை. அக்டோபர் இருபத்திரண்டாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள், நீட்டிப்பு கிடையாது.

அந்தச் சனிக்கிழமை சந்தையில் எமெங்கின் அக்கா சேலா கருவாட்டுக் கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சேலா குமாகா ஊர்க்காரி. தொண்டை பெரிது. போன்சிங்கைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரிக்குச் சொல்வது போல ஆரம்பித்தாள்.

"எமெங்கை நான் கொண்டு போறேன். குமாகாவுல எங்கம்மா கல்லறையில எடம் இருக்கு."

"அவர் இங்கதான் இருப்பார். கோயில் பக்கத்துல பெட்டி வைக்க எடம் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் போன்சிங்.

"யாரு எறக்குவா? நீயா? அந்தக் கையை வச்சுக்கிட்டு ஒரு கருவாட்டை எறக்கு பாப்போம். எறக்கறவங்கதான் கொண்டு போவாங்க, அதான் வழக்கம்." சேலா கூடையை ஒரு தட்டு தட்டினாள். "அன்னிக்கு என் தம்பியைத் தொடக்கூட மாட்டேன்னு நின்னவ. நான்தான் குளிப்பாட்டினேன். எலும்பையும் நானே எடுத்துக்கறேன், விடு."

நான் பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சேலாவுக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது, ஆனால் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவள் சொன்னது நடந்ததுதான். எமெங்கின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்த வாரம் புயலில் பாலம் போயிருந்தது, சவக்கிடங்கு வண்டி வரவில்லை. வீட்டிலேயே குளிப்பாட்ட வேண்டியதாயிற்று. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலையிலிருந்து போன்சிங் நான்கு பேருக்குப் பிடித்துவிட்டிருந்தாள், கை சூடு, அதனால் தண்ணீரைத் தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

கல்லறைக்காரர் மாங் குலாஸிடம் நானே போய்க் கேட்டேன். "வழக்கம்தாம்மா" என்றார். "நான் ஏணியில ஏறி ஒடைச்சு, துணியில கட்டி மாடத்து வாசல்ல வச்சுருவேன். கீழ எறக்கறது சொந்தக்காரங்க கை. ரெண்டு கையாலயும் வாங்கணும். ஒத்தக் கையால வாங்கித் தரையில விழுந்தா அது பெரிய பாவம்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன்சிங்கால முடியாது. சேலாகிட்ட விட்டுருங்க."

அன்று மாலை போன்சிங் வேலியருகே வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளாகவே என்னைக் கூப்பிட்டாள்.

"இனெங்." ஐம்பத்து மூன்று வயதுக்காரியை யாராவது சின்னப் பெண்ணே என்று கூப்பிடுவார்களா? அவள் கூப்பிடுவாள். "ஏழு வாரம் இருக்கு. இந்தக் கை நெத்தி ஒயரம் வந்தாப் போதும்."

"டாக்டர்கிட்ட போ."

"போனேன். பயிற்சி பண்ணச் சொன்னாரு. ஒரு தாள் குடுத்தாரு, படம் போட்டு. படத்துல இருக்கறவ சிரிக்கறா."

"நீயே எண்ணெய் போட்டு அமுக்கிக்க வேண்டியதுதானே. ஊருக்கே பண்றே."

"தனக்குத் தானே பண்ணிக்க முடியாது. தெரிஞ்சுக்கிட்டே கேக்கறே." அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். "காய்ஞ்ச கருவாட்டுக் கைதான். இருக்கறது அதுதான் எனக்கு."

உள்ளே வரச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோழி உரித்தவர்களுக்குத் தெரியும், தோலுக்கும் சதைக்கும் நடுவில் வெள்ளையாக, ஈரமாக, கண்ணாடித் தாள் போல ஒரு படலம் இருக்கும். நம் உடம்பிலும் அதுதான். ஒவ்வொரு சதையையும் உறை போட்டது போலச் சுற்றி, அடுத்ததோடு சேர்த்து, உள்ளங்கையிலிருந்து தோள் வரை, தோளிலிருந்து இடுப்பு வரை விட்டுப்போகாமல் ஓடும். கையை ஒரே மாதிரி மடக்கி வைத்துக்கொண்டே இருந்தால் படலம் அந்த மாதிரியே இறுகும். பயந்தவன், துக்கத்தில் இருப்பவன், உடம்பை இறுக்கிக்கொண்டுதான் உட்காருவான். அதுவும் சேரும். இது வரைக்கும் எனக்குத் தெரியும். படலத்துக்கு ஞாபகம் உண்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் டாக்டர்களில் ஒருவர் உண்டு என்பார், இன்னொருவர் சிரிப்பார். நான் படித்தவளும் இல்லை. கண்டதைச் சொல்கிறேன்.

முதல் வாரம் நான் செய்தது மடத்தனம். எனக்குப் பொறுமை கிடையாது. ஏழு வாரம்தானே இருக்கிறது என்று அவள் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினேன். "பல்லைக் கடிச்சுக்கோ" என்றேன். கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தோள் வீங்கிச் சிவந்தது, முன்பு வயிற்றிலிருந்து ஒரு சாண் வந்த கை அதுவும் வராமல் போயிற்று. எட்டு நாள் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். அவளானால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீக்கம் வடிந்த அன்று வந்தாள். கையில் வாழையிலைத் துண்டு.

"ஆஸ்பத்திரிப் பொண்ணே, முதல்ல எங்க இருக்குன்னு பாரு. அப்புறம் அமுக்கு."

"இலை சொல்லுமா எனக்கு?"

"உன் கைக்குத் தெரியலையே. இலைக்காவது தெரியட்டும்."

எனக்குச் சுருக்கென்றது, ஆனால் இலையை வாங்கிக்கொண்டேன். தோள்பட்டையில் இழுத்தேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. முதுகிலும் அப்படியே. நான் எட்டு நாள் முன்பு முட்டி மோதிய இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. மல்லாக்கப் படுக்கச் சொல்லி முன்பக்கம் இழுத்தேன். மார்பெலும்பின் ஓரத்தில், அக்குளுக்கு முன்னால் இலை நின்றது. அங்கிருந்து மேல் கையின் உள்பக்கம், முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, உள்ளங்கை. அந்தப் பாதை முழுக்க இலை கொக்கி மாட்டியது போல நின்று நின்று போயிற்று. இலையில் மாயம் ஒன்றும் இல்லை, தோல் அடியோடு ஒட்டிக்கொண்ட இடத்தில் அது வழுக்காது, அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

அந்த வழியைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்றும் தோன்றியது. வழக்கமாகத் தோள் பிடித்துக் கையைத் தூக்க முடியாதவர்களுக்கு இப்படி இறுகாது. யாரோ ஒன்றை நீட்டும்போது கையை வெடுக்கென்று பின்னால் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டால் எந்தெந்த இடம் இறுகுமோ, அந்தந்த இடம் இறுகியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

மறுநாளிலிருந்து தள்ளுவதை விட்டேன். படலம் முரட்டுத்தனத்துக்கு இளகாது. விரலை வைத்து, தோலுக்கு அடியில் அது தட்டுப்படும் வரை மெல்ல இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் ஒன்றுமே நடக்காது. இரண்டு நிமிஷமும் நடக்காது. அப்புறம் வெண்ணெயில் வைத்த விரல் போல மெல்ல உள்ளே போகும். எனக்கு அந்த மூன்று நிமிஷம் நிற்பது நரகம். கடிகாரம் பார்த்தால் இன்னும் மோசம். போன்சிங்தான் வழி சொன்னாள், "அருள் நிறைந்த மரியே பத்து தடவை சொல்லு. வாய்க்கு வேலை குடுத்தாத்தான் உன் கை சும்மா இருக்கும்." அப்படியே செய்தோம். நான் பாதி சொல்வேன், அவள் மீதி சொல்வாள். ஊரில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், இரண்டு கிழவிகள் செபம் செய்யும் விதத்தைப் பார் என்று சிரித்திருப்பார்கள்.

மாடத்து வாசலின் உயரத்தை நூலால் அளந்துவந்து என் கதவு நிலையில் கோடு போட்டிருந்தேன். தினமும் முடிந்ததும் நிலையருகே நின்று கையை உயர்த்துவாள். மார்பு. ஒரு வாரம் கழித்துத் தோள். பிறகு கன்னம். கன்னத்தோடு நின்றுவிட்டது. அக்டோபர் பத்தாம் தேதி வரை ஒரு விரல்கூட ஏறவில்லை. சேலா அந்தச் சனிக்கிழமை சந்தையில், குமாகாவில் கல்லறையைத் திறக்க ஆள் சொல்லிவிட்டதாக எல்லாருக்கும் சொன்னாள்.

பதினோராம் தேதி பிற்பகல். வெளியே மழை. என் கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் இருந்தது, இன்னொரு கை மார்பெலும்பு ஓரத்தில். ஏழாவது மரியே சொல்லும்போது அவள் மீதிப் பாதியைச் சொல்லவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு முழங்கை, பிறகு தாடை. எனக்குப் பயமாகிவிட்டது. "வலிக்குதா? விட்டுடவா?" என்றேன்.

"விடாதே."

விடவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பேசினைக் கொண்டுவந்து முன்னாடி வச்சாங்க. கொய்யா எல போட்டுக் காய்ச்சின தண்ணி. சேலா துணியை நனைச்சு என் கையில குடுக்க வந்தா. நான் பின்னால இழுத்துக்கிட்டேன். கை சூடா இருக்குன்னு சொன்னேன்."

"சூடாத்தானே இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியுமே, ஆத்தே."

"இல்ல. காலையில பதினோரு மணிக்கே முடிச்சுட்டேன். அவரைக் கொண்டுவந்தது நாலு மணிக்கு. மறுநாள் வரைன்னு நான் சொல்றது பத்திரத்துக்குத்தான், அதுக்குள்ள சூடு எறங்கியிருக்கும். எறங்கியிருக்கலாம்." "அவர் அங்க கெடக்காரு. உப்புத் தண்ணி காதுல இருந்து வடியுது. நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? இந்தக் கை போயிட்டா நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்றதுன்னு நெனைச்சேன். இவர்தான் போயிட்டாரே, இனிமே இந்தக் கைதானேன்னு நெனைச்சேன். அவர் மொகத்தைப் பாத்துக்கிட்டே சோத்தை நெனைச்சேன், இனெங்."

ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களுக்குச் சொல்லச் சில வார்த்தைகள் வைத்திருப்போம், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண்ணீர் அவள் காதுப்பக்கம் வழிந்து தலையணையில் இறங்கியது. துடைக்க எனக்குக் கை இல்லை, இரண்டும் அவள்மேல் இருந்தன. என் விரலுக்கு அடியில் இறுகியிருந்தது மெல்ல, மிக மெல்ல, போய்க்கொண்டே இருந்தது. நானும் அழுதேன், எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்காகவும் கொஞ்சம் இருக்கும். எத்தனை வருடம் ஆயிற்று, ஒரு மனிதரைச் சம்பளம் இல்லாமல் நான் தொட்டு.

அன்று கை புருவம் வரை வந்தது. இனி ஒரே நாளில் மீதியும் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. சில நாள் இறங்கியும் போயிற்று. ஒருமுறை அழுதுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து வருடம் கட்டியது ஐந்து வாரத்தில் முழுசாக விடாது. இருபத்தோராம் தேதி கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

கடைசி இரண்டு நாள் போன்சிங் யாரையும் பாயில் படுக்கவிடவில்லை. ஊர்த் தலைவரின் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள், "திங்கக்கிழமை வா" என்று திருப்பி அனுப்பினாள். முப்பது வருடத்தில் அவள் யாரையும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் கேட்டதற்கு, "கை குளிர்ச்சியா இருக்கணும்" என்றாள்.

இருபத்திரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கே அவளை என் வீட்டில் படுக்கவைத்தேன். குளிரில் தோள் மறுபடி இறுகியிருந்தது. ஒன்றரை மணி நேரம். என் கட்டைவிரல்கள் மரத்துப் போயின, உள்ளங்கை தீயாகக் கொதித்தது. நிலையருகே நின்று உயர்த்தினாள். குதிகாலைத் தூக்கி நின்றால் விரல் நுனி கோட்டைத் தொட்டது. "போதும்" என்றாள். எனக்குப் போதும் என்று தோன்றவில்லை, ஆனால் நேரமாகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு முன்பே சேலா வந்திருந்தாள். கறுப்புச் சட்டை, குடை, ஒரு பேசின், தண்ணீர்க் குடம், குமாகாவுக்குக் கொண்டுபோக ஒரு புதுப் பெட்டி. போன்சிங்கைப் பார்த்து, "வந்தியா" என்றாள். "வந்தேன்" என்றாள் போன்சிங். மாங் குலாஸ் ஏணியில் ஏறி உளியால் தட்டினார். சிமெண்டு உதிர்ந்தது. அவர் உள்ளே குனிந்து வெகுநேரம் வேலை செய்தார், நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். பிறகு வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டையை மாடத்து விளிம்புக்குத் தள்ளிவிட்டு, "யாரு வாங்கறது?" என்று கேட்டார்.

சேலா குடையை மடக்கினாள். அதற்குள் போன்சிங் போய் மாடத்தின் அடியில் நின்றுவிட்டாள். இடது கை சட்டென்று மேலே போயிற்று. வலது கை மார்பு வரை வந்தது, தோள் வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. போய் முழங்கையைத் தாங்கலாமா என்று ஓர் அடி வைத்தேன். "வேணாம்" என்றாள், திரும்பாமலே. மூச்சை விட்டாள். குதிகாலைத் தூக்கினாள். கை ஏறியது. மூட்டை இரண்டு உள்ளங்கையிலும் வந்து உட்கார்ந்தது. மனிதன் அவ்வளவு கனமில்லை என்று அப்போதுதான் பார்த்தேன். அவள் அதை நெற்றியில் ஒரு தடவை வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மார்பளவுக்கு இறக்கினாள். மாங் குலாஸ் ஏணியிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

சேலா புதுப் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பேசினை எடுத்துவந்து போன்சிங்கின் முன்னால் வைத்தாள், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"கை சூடா இல்லையே?" என்று கேட்டாள். குத்திக்காட்டினாளா, நிஜமாகவே கேட்டாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இல்ல. ரெண்டு நாளா யாரையும் தொடல."

சேலா குடையை விரித்துக்கொண்டு மதில் ஓரமாகப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். குடை ஆடுவதை மட்டும் பார்த்தேன்.

போன்சிங் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். தனியாகச் செய்ய வேண்டாமே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தண்ணீருக்கு நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ தொடாதே. உன் கை சூடா இருக்கு. இப்பத்தானே எனக்குப் பண்ணினே."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஆத்தே. உனக்கே தெரியும் எனக்கு அதுல நம்பிக்கை இல்லைன்னு."

"தெரியும். இருந்தாலும் தொடாதே. உனக்கும் வேற யாரு இருக்கா, இந்தக் கையை விட்டா?"

முப்பது வருடம் கேலி பேசியவள் நான். தண்ணீரில் கையை விட்டுக் காட்டியிருக்கலாம். முடியவில்லை. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, ஓர் அடி தள்ளி, சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் கழுவிக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவள் அவசரப்படவில்லை. தொடை எலும்பைக் கழுவினாள், துணியில் வைத்தாள். விரல் எலும்புகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கழுவினாள். தலையைக் கழுவும்போது மட்டும் காது இருந்த பக்கம் இரண்டு தடவை தண்ணீர் விட்டாள். பிறகு தட்டையான ஒரு எலும்பு வந்தது, தோள்பட்டை எலும்பு. அதைத் தண்ணீரில் நனைத்தவள் வெளியே எடுக்கவில்லை. அவள் வலது கட்டைவிரல் அதன் உள் ஓரத்தில் மேலிருந்து கீழே போயிற்று, மறுபடி மேலே வந்தது.

"இங்கதான் இனெங் அவருக்கு எப்பவும் பிடிச்சுக்கும். வலை இழுத்துட்டு வந்து படுப்பாரு. முப்பத்தோரு வருஷம் அமுக்கியிருக்கேன். ஒரு நாள்கூட முழுசா எளகினதில்ல."

"ம்" என்றேன்.

"இப்பப் பாரு. ஒண்ணுமே இல்ல."

அவள் நிறுத்தவில்லை. தண்ணீருக்குள் அவள் கட்டைவிரல் அந்த ஓரத்தில் இறங்கி, ஓரிடத்தில் நின்று, காத்திருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. அருள் நிறைந்த மரியே. மீதிப் பாதியை நான் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்.